கூரைக்குள் ஒளிந்திருக்கும் கம்பி!

வேனின் தலையில் துளை போடும் முன் பார்க்க வேண்டியவை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். ஒரு தேர் அல்ல, ஐந்து தேர்கள்!

முதலில் பிள்ளையார் தேர். அடுத்து முருகன் தேர். பிறகு அண்ணாமலையாரின் பெரிய தேர். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். கடைசியாகச் சண்டிகேசுவரர் தேர்.

தேர் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். வீடுகளில் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது. யாரும் முணுமுணுப்பதில்லை. தேரின் உச்சி மின்சாரக் கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி அதிகாலையில், தஞ்சாவூருக்கு அருகே உள்ள களிமேடு கிராமத்தில் அது நடந்தது. அப்பர் சதய விழாத் தேர், உயர் அழுத்த மின்சாரக் கம்பியில் உரசியது. 11 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் சிறுவர்களும் உண்டு.

அது வெளியே ஓடும் கம்பி. அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

கண்ணுக்கே தெரியாத கம்பி ஒன்று உண்டு. திருவண்ணாமலைக்கு மலை சுற்ற வருகிறதே வேன், அந்த வேனின் கூரைக்குள் அது ஒளிந்திருக்கிறது.

வேனே வீடு

பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைக்கு மக்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். சென்னையில் இருந்தும், பெங்களூரில் இருந்தும், ஆந்திராவில் இருந்தும் வேன் வேனாக வருகிறார்கள். மலையைச் சுற்றும் பாதை 14 கிலோ மீட்டர். நடந்து முடிக்க நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும்.

கூட்டம் மிகுந்த நாளில் வண்டிகளை ஊருக்குள் விடுவதில்லை. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நடக்க முடியாத பாட்டி வேனிலேயே இருப்பாள். கைக்குழந்தையும் அங்கேதான் தூங்கும். கட்டுச்சாதமும் அங்கேதான். அந்த ஒரு இரவு, வேன்தான் அந்தக் குடும்பத்துக்கு வீடு!

ஆகவே, வேன்காரருக்கு ஒரு ஆசை வருகிறது. "உள்ளே வெக்கையாக இருக்கிறதே, கூரையில் ஒரு காற்றாடி வைக்கலாமா? மூட்டைகளை ஏற்ற மேலே ஒரு கேரியர் பொருத்தலாமா? ஒரு சோலார் தகடு மாட்டினால் இரவெல்லாம் விளக்கு எரியுமே!" என்று நினைக்கிறார்.

இன்னும் சிலர் துணிந்துவிட்டார்கள். பழைய வேனை வாங்கிப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, நடமாடும் வீடாகவே மாற்றுகிறார்கள். "கேரவன்" என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். படப்பிடிப்பில் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டி. இப்போது அது நட்சத்திரங்களுக்கு மட்டும் சொந்தம் அல்ல. கேரளத்தில் 2021-ம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது.

காற்றாடி ஆனாலும், கேரியர் ஆனாலும், சோலார் தகடு ஆனாலும் முதல் வேலை ஒன்றுதான். கூரையில் துளை போட வேண்டும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒற்றைத் தகரம் அல்ல

வெளியே இருந்து பார்த்தால் வேனின் கூரை வெறும் தகரம் போலத் தெரியும். உண்மையில் அது சாண்ட்விச் ரொட்டி போன்றது.

மேலே இரும்புத் தகடு. அதன் அடியில், வண்டியின் அகலத்துக்குக் குறுக்காக, வில் போல் வளைந்த சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவே வெயிலின் சூட்டைத் தடுக்கப் பஞ்சு அல்லது தெர்மோகோல். அதற்கும் கீழே, நம் தலைக்கு நேராகத் தெரிகிற ரெக்சின் அல்லது அட்டை லைனிங்.

தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல வண்டிகளில் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம்தான். அந்தச் சந்துக்குள்தான் உள் விளக்குக்குப் போகும் கம்பி ஓடுகிறது. வண்டியின் நான்கு மூலையிலும் மினுக்கும் சின்ன விளக்குகளுக்கும், பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கருக்கும், பின்பக்கக் கேமராவுக்கும் அதே வழிதான்.

துளைக் கருவி தகட்டைத் துளைக்கும் வரை எதிர்த்து நிற்கும். தகடு விட்டதும் "சடக்" என்று உள்ளே பாயும். ஒரு நொடியில் ஒரு அங்குலம் போய்விடும். அங்கே கம்பி இருந்தால் அதன் கதி என்ன?

வண்டியே ஒரு கம்பி!

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்றில் மின்சாரம் வரும்; இன்னொன்றில் திரும்பும். மோட்டார் வண்டியில் பெரும்பாலும் அப்படி இல்லை. பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்துதான் கம்பி வரும். திரும்பிப் போகும் வழி வண்டியின் இரும்பு உடம்பே! பேட்டரியின் மைனஸ் முனையை வண்டியின் உடம்போடு சேர்த்துக் கட்டி இருப்பார்கள்.

அப்படியானால், கூரைத் தகடும் ஒரு கம்பிதான். அதைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், பிளஸ் கம்பியின் மேல்தோல் கிழிந்து, செம்பு அந்தத் தகட்டைத் தொட்டால் போதும். விளக்கு இல்லை, விசிறி இல்லை. தடுப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் பேட்டரியின் மின்சாரம் முழு வேகத்தில் பாயும். இதைத்தான் "ஷார்ட் சர்க்கியூட்" என்கிறார்கள்.

"12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வேனில் 12 வோல்ட். பெரிய பஸ்சிலும் லாரியிலும் 24 வோல்ட். ஆளுக்கு அதிர்ச்சி தராது என்பது உண்மை. ஆனால் தீ வைப்பது வேறு கதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியைக் கிளப்புகிற பேட்டரி, ஷார்ட் ஆனால் நூற்றுக் கணக்கான ஆம்பியரைக் கொட்டும். நூறு ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி தருகிற சூடு! அந்தச் சூடு மெல்லிய கம்பியில் இறங்கினால் கம்பி சிவக்கும். பக்கத்தில் இருப்பது பஞ்சு, ரெக்சின், தெர்மோகோல்!

இதைத் தடுக்கத்தான் பியூஸ் இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அது தன்னை உருக்கிக்கொண்டு வண்டியைக் காப்பாற்றும். 10 ஆம்பியர் பியூஸ் சிவப்பு. 15 நீலம். 20 மஞ்சள். 30 பச்சை. சிவப்பு அடிக்கடி போகிறதே என்று பச்சையை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அன்று ஒன்றும் ஆகாது

துளைக் கருவி கம்பியை ஒரேயடியாக அறுத்துவிட்டால், அது ஒரு வகையில் நல்லதே. பொறி பறக்கும். விளக்கு அணையும். தவறு அப்போதே தெரிந்துவிடும்.

திருகாணியின் கூர்முனை கம்பியின் மேல்தோலை இலேசாகக் கீறிவிட்டு நிற்கிறதே, அதுதான் பொல்லாதது. அன்று ஒன்றும் ஆகாது. விளக்கும் எரியும், பாட்டும் பாடும். வேலை முடிந்தது என்று பட்டறைக்காரர் கூலி வாங்கிக்கொள்வார். வண்டி ஏலகிரிக்குப் போகும், ஏற்காட்டுக்குப் போகும். வளைவுக்கு வளைவு வண்டி குலுங்கும். குலுங்கக் குலுங்கக் கம்பி அந்தக் கூர்முனையில் உரசும். ஆறு மாதமோ, ஒரு வருஷமோ கழித்து ஒரு நாள் தோல் முழுவதும் தேய்ந்துவிடும்.

அன்று உள்ளே யார் தூங்கிக்கொண்டு இருப்பார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

ராஜஸ்தானில் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஒரு கோரம் நடந்தது. ஜெய்சல்மேரில் இருந்து ஜோத்பூருக்குப் போன தனியார் பஸ் நடுவழியில் தீப்பற்றியது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். குளிர்சாதனம் இல்லாத வண்டி என்று பதிவான அந்தப் பஸ்சில், பிறகு குளிர்சாதனம் சேர்க்கப்பட்டு இருந்தது விசாரணையில் தெரிந்தது. குளிர்சாதனத்தின் மின்சார இணைப்பில் ஷார்ட் ஆகி இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது.

விளக்கைக் கழற்றினால் வழி தெரியும்

கூரைக்குள் இருக்கும் கம்பியை எப்படிக் கண்டுபிடிப்பது? மந்திரம் தேவை இல்லை. பொறுமை போதும்.

முதலில், தொழிற்சாலையில் போட்ட கம்பி. அது ஒழுங்காக ஓடும். டாஷ்போர்டுக்கு அருகே உள்ள பியூஸ் பெட்டியில் கிளம்பி, முன் கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக மேலே ஏறும். அங்கிருந்து ஜன்னல்களுக்கு மேலே, கூரையும் பக்கச் சுவரும் சேரும் விளிம்போடு பின்னால் போகும். நடு விளக்குக்குப் போக வேண்டிய இடத்தில், ஒரு வளைவுச் சட்டத்தை ஒட்டிக்கொண்டு குறுக்கே திரும்பும். ஆகவே, பக்க விளிம்பிலும் சட்டத்தின் ஓரத்திலும் துளை போடுவது மிகவும் ஆபத்து.

உள் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு திருகாணி அல்லது ஒரு கிளிப்தான். விளக்கு கையோடு வந்துவிடும். பின்னால் ஒரு ஓட்டை தெரியும். கம்பி முன்னால் இருந்து வருகிறதா, பக்கத்தில் இருந்து வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதன் விளக்கைப் போட்டு, காமிராவை அந்த ஓட்டையில் வைத்துப் படம் எடுத்தால் உள்ளே இருக்கும் சங்கதி வெளியே வந்துவிடும்.

அதிலும் தெரியாவிட்டால் லைனிங்கை இறக்க வேண்டியதுதான். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை இழுத்தால் லைனிங்கின் ஓரம் விடுபடும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கலாம். தகட்டின் ஓரம் கத்தி போல் இருக்கும்; கையுறை வேண்டும். "லைனிங்கை இறக்கினால் அரை நாள் வேலை கெடும்" என்று பட்டறையில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அரை நாள் கூலிதானே!

சில புதிய கார்களில் இன்னொரு பொருளும் கூரை ஓரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் மோதினால் திரை போல் விரிகிற காற்றுப் பை. அதன் இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த ஓரத்தில் துளை போடவே கூடாது.

முன்னாள் சொந்தக்காரர் விட்டுச் சென்றது

இதுவரை சொன்னது தொழிற்சாலைக் கம்பி. அதைவிடப் பயப்பட வேண்டியது இரண்டாம் கை வண்டியில் இருக்கிறது.

பாடி கட்டுவதில் கரூர் பேர் போன ஊர். தேர்ந்த பட்டறையில் எந்தக் கம்பி எந்த வழியில் போகிறது என்பதற்கு ஒரு முறை உண்டு. ஆனால், வண்டி கைமாறிய பிறகு நடப்பது வேறு. ஒருவர் வண்ண விளக்கு மாட்டினார். அடுத்தவர் டி.வி. வைத்தார். மூன்றாமவர் ஆறு ஸ்பீக்கர் மாட்டி, மலைப் பாதை முழுவதும் அதிர வைத்தார். ஒவ்வொருவரும் ஒரு கம்பி இழுத்தார்கள். எந்த வழியில் இழுத்தார்கள்? எது கிட்டமோ அந்த வழியில்! கூரையின் குறுக்கே, மூலைக்கு மூலை, கோணல் மாணலாக. டி.வி.யைக் கழற்றிய பிறகும் அதன் கம்பி உள்ளேயே கிடக்கும். சில வேளை மின்சாரத்தோடு கிடக்கும்!

இந்தக் கம்பிகளுக்குப் படம் கிடையாது. கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

சுவருக்குள் கம்பி இருந்தால் "கீ கீ" என்று கத்தும் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வேன் கூரைக்கு அதை நம்பக் கூடாது. வீட்டு மின்சாரத்தைக் கண்டால்தான் அது கத்தும். பேட்டரி மின்சாரத்தைக் கண்டால் பேசாமல் இருந்துவிடும். உலோகத்தைக் கண்டால் கத்தும் ரகமும் உண்டு. கூரையே உலோகம் ஆயிற்றே! அது எங்கே வைத்தாலும் கத்தும்.

வீட்டில் கதை வேறு. வீட்டுச் சுவரில் மறைத்துப் போடும் குழாய், சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயோ, நேர் கீழேயோதான் பெரும்பாலும் ஓடும். ஆகவே சுவிட்சுக்கு நேர் மேலே காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக் கூடாது. ஆனால் வீட்டின் மேல் தளத்தில் அந்த ஒழுங்கும் இல்லை. கான்கிரீட் கொட்டும் முன்பே கம்பி கட்டிய இடத்தில் குழாய்களைப் பரப்பிவிடுவார்கள். ஒரு விசிறிப் பெட்டியில் இருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வழியாகவும் போகும். கான்கிரீட் கொட்டும் முன் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டவர் புத்திசாலி. வீட்டில் ஓடுவது 230 வோல்ட். அது ஆளையே கொல்லும்.

கேரவனிலும் இந்த 230 வோல்ட் உண்டு. தங்கும் இடத்தில் ஒயரைச் செருகி மின்சாரம் எடுக்கிறார்கள், இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறார்கள். ஆகவே, ஒரே கூரைக்குள் இரண்டு வகை மின்சாரமும் ஓடலாம்.

முதலில் மைனஸ்!

கம்பியின் வழி தெரிந்துவிட்டது. இனித் துளை போடலாமா? இன்னும் இல்லை. பேட்டரியைப் பிரிக்க வேண்டும்.

முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். ஏன் மைனஸ்? பிளஸ்சை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் அங்கேயே ஷார்ட். மைனஸ்சைக் கழற்றும்போது பட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் ஏற்கனவே உடம்போடு சேர்ந்து இருக்கிறதே!

கேரவனில் இரண்டாவது பேட்டரி இருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். இன்வெர்ட்டரை நிறுத்த வேண்டும். வெளி ஒயரைப் பிடுங்க வேண்டும். சோலார் தகடு இருந்தால் அதைக் கெட்டிப் போர்வையால் மூட வேண்டும். வெயில் இருக்கும் வரை அந்தத் தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதற்கு சுவிட்ச் போட்டோமா, இல்லையா என்பது பற்றிக் கவலை இல்லை.

பேட்டரியைப் பிரித்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் துளைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. பேட்டரியைப் பிரித்தால் பொறி பறக்காது, அவ்வளவுதான். கம்பி அறுந்தால் அறுந்ததுதான்.

துளைப்பதற்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு. துளைக்கும் பிட்டின் முனையில் கால் அங்குலம் மட்டும் விட்டுவிட்டு மற்றதில் டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிடுகிறார்கள். முனை அதற்கு மேல் உள்ளே போகாது. லைனிங்கை இறக்கி இருந்தால், துளை வரும் இடத்தில் உள்ளே ஒரு மரக்கட்டையை வைத்துப் பிடிப்பது இன்னும் நல்லது. கம்பிகளைக் கட்டி ஒரு பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். முதலில் ஊசி போல் ஒரு சின்னத் துளை. உள்ளே பார்த்த பிறகு பெரிய துளை.

துளை போட்டதும் அரத்தால் ஓரத்தை மழுக்க வேண்டும். கம்பி அந்தத் துளை வழியே போவதாக இருந்தால் ரப்பர் வளையம் அவசியம். இரும்புத் துகள்களை ஒன்று விடாமல் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழையில் கூரை துருப் பிடிக்கும். வெட்டிய ஓரத்துக்கு வர்ணம் பூசி, மேலே சீலண்டு அப்ப வேண்டும்.

திருவண்ணாமலைத் தீபம் வருவதே மழைக் காலத்தில். கூரையில் ஒழுகும் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து, எங்கோ இருக்கும் விளக்கில் போய்ச் சொட்டும். ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் ஒன்று!

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த வண்டிதான். அதற்காக நினைத்தபடி மாற்றிவிட முடியாது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. தயாரித்த கம்பெனி சொன்ன அமைப்புக்கு மாறாக, பதிவுப் புத்தக விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கேரவன் வண்டிகளுக்கென்று "ஏ.ஐ.எஸ். 124" என்ற தனித் தர விதியும் இருக்கிறது. ஆகவே, பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி இல்லாத மாற்றம் என்றால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் வம்பு வரும்.

மூடும் முன் ஒரு படம்

எல்லாம் முடிந்ததும் பிளஸ் முனையை முதலில் மாட்ட வேண்டும், மைனஸ் கடைசி. கழற்றியதற்கு நேர் எதிர்.

லைனிங்கை உடனே மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். உள் விளக்கு, மூலை விளக்கு, பாட்டு, கேமரா எல்லாம். ஏதாவது ஒன்று மினுக்கினாலும், ஒரு பியூஸ் போனாலும், அங்கே ஏதோ கீறி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கூரையில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. அதற்குப் பைசா செலவு இல்லை. லைனிங்கை மூடும் முன், கூரையின் உள்பக்கத்தை முழுவதும் படம் எடுக்க வேண்டும். ஒரு தாளில் கூரையை வரைந்து, கம்பி ஓடும் வழியைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். முன் தூணில் இருந்து எத்தனை அங்குலம், எந்தச் சட்டத்தை ஒட்டி என்று எழுதி, அந்தத் தாளைப் பதிவுப் புத்தகத்தோடு வைத்துவிட வேண்டும். வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.